அடி, அடையாளம், தீர்ப்பு: எகிப்தின் பத்து வாதைகளை வாசித்தல்

தமிழில் விவிலியத்தின் இரண்டாம் நூலுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினரின் மொழிபெயர்ப்பில் அது 'யாத்திராகமம்'. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பில் அது 'விடுதலைப் பயணம்'. முதற்பெயர் நடந்ததைச் சொல்கிறது. இரண்டாம் பெயர் நடந்ததன் பொருளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அந்நூலின் 7 முதல் 12 வரையிலான அதிகாரங்களில் எகிப்தின்மீது பத்துக் கொடுமைகள் அடுத்தடுத்து இறங்குகின்றன. நைல் ஆறு குருதியாகிறது, தவளைகள் பெருகுகின்றன, பேன்களும் பூச்சித்திரளும் வருகின்றன, கால்நடைகள் மடிகின்றன, கொப்புளங்கள் வெடிக்கின்றன, கல்மழை பெய்கிறது, வெட்டுக்கிளிகள் பசுமையைத் தின்று தீர்க்கின்றன, மூன்று நாள் இருள் கவிகிறது, இறுதியில் நள்ளிரவில் தலைப்பிள்ளைகள் சாகின்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யூதரும் கிறித்தவரும் இசுலாமியரும் இக்கதையைச் சொல்லி வருகிறார்கள். ஆயினும் இதன் சமயப் பொருள் என்ன என்ற வினா இன்றும் முடிந்தபாடில்லை.

முதற்சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழ் மரபில் இவை 'வாதைகள்'. சில இடங்களில் 'கொள்ளைநோய்கள்'. ஆங்கில வழியில் படித்தோர் 'பிளேக்' என்பர். 1896இல் பம்பாயில் பரவிய நோயின் நினைவால் இந்திய வாசகருக்கு அச்சொல் எலியையும் நெறிகட்டியையுமே முன்னிறுத்தும். ஆனால் அதன் இலத்தீன் மூலமான 'பிளாகா' என்பதற்கு 'அடி', 'காயம்' என்றே பொருள். பத்தில் நோய் என்று சொல்லத்தக்கவை கால்நடைக் கொள்ளையும் கொப்புளமும் மட்டுமே. எபிரேய மூலத்தில் 'அடித்தல்' என்னும் வினை பலமுறை வருகிறது. 'மக்கோத்', அதாவது அடிகள், என்ற தொகுப்புப் பெயர் பிற்கால யூத மரபில்தான் நிலைபெற்றது. நூலாசிரியர் விரும்பி ஆளும் சொற்கள் வேறு: 'ஓத்' என்றால் அடையாளம்; 'மோஃபேத்' என்றால் வியத்தகு செயல்; 'ஷெஃபாதிம்' என்றால் தீர்ப்புகள்.

அடி, அடையாளம், தீர்ப்பு ஆகிய இம்மூன்று சொற்களும் மூன்று வாசிப்புகளைக் கோருகின்றன. அடி என்று வாசித்தால் பட்டவரின் வலி முன்னே நிற்கும். அடையாளம் என்று வாசித்தால் அது யாருக்கு, எதைச் சுட்டியது என்று கேட்க நேரும். தீர்ப்பு என்று வாசித்தால் குற்றம் எது, குற்றவாளி யார், தண்டனை அளவோடு இருந்ததா என்ற வழக்குமன்றக் கேள்விகள் எழும். இம்மூன்றில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்ட வாசிப்புகளே பெரும்பாலும் தடம் மாறியிருக்கின்றன.

பார்வோன் கேட்ட கேள்வி

வாதைகளின் பொருளைத் தேடுவோர் ஏழாம் அதிகாரத்தில் தொடங்குவது வழக்கம். ஐந்தாம் அதிகாரத்திலிருந்து தொடங்குவதே நன்று. வழிபாட்டுக்காக அடிமைகளைப் பாலைநிலத்தில் மூன்று நாள் பயணம் செல்ல அனுப்புமாறு மோசேயும் ஆரோனும் கேட்கிறார்கள். பார்வோனின் விடையே ஒரு கேள்வியாக இருக்கிறது: தான் கீழ்ப்படிய வேண்டிய இந்த ஆண்டவர் யார்? அப்படி ஒருவரைத் தனக்குத் தெரியாது என்கிறான். அன்றைக்கே அடிமைகளுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வைக்கிறான்.

அதன்பின் வரும் அதிகாரங்களில் 'அறிதல்' என்னும் வினை ஒரு பல்லவிபோல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஆறு குருதியாவதும் அறிவதற்காக. தவளைகள் நீங்குவதும் அறிவதற்காக. இஸ்ரயேலர் வாழும் கோசேன் பகுதிக்குப் பூச்சிகள் வராததும் அறிவதற்காக. கல்மழை ஓய்வதும் அறிவதற்காக. பார்வோன் அலட்சியமாகக் கேட்ட கேள்விக்குப் பத்துத் தவணைகளில் தரப்பட்ட விடை என்றே வாதைக் கதையைக் கொள்ளலாம். இங்கே அறியாமை என்பது தகவல் குறைவன்று. ஏறிட்டுப் பார்க்க மறுக்கும் அதிகாரத்தின் நிலை அது. செங்கல் சூளையில் நிற்பவர்களின் கடவுளை அரசன் அறியவில்லை என்றால், சூளையில் நிற்பவர்களையும் அவன் அறியவில்லை என்றே பொருள்.

கதையின் கட்டமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. முதல் ஒன்பது வாதைகளும் மும்மூன்றாக அமைந்திருப்பதை இடைக்கால யூத உரையாசிரியர்களே கண்டுகொண்டனர். ஒவ்வொரு மும்மையின் முதல் வாதையிலும் மோசே காலையில் பார்வோன் முன் சென்று நின்று எச்சரிக்கிறார். இரண்டாவதிலும் எச்சரிக்கை உண்டு. மூன்றாவது மட்டும் முன்னறிவிப்பின்றி வருகிறது. பாஸ்கா இரவில் வாசிக்கப்படும் ஹக்காதா நூலில் ரபி யூதா பத்து வாதைகளின் முதலெழுத்துகளைக் கோத்து மூன்று நினைவுச்சொற்களாக்கியதும் ஏறத்தாழ இதே பிரிப்பில்தான்; மூன்றாம் சொல்லில் பத்தாவது வாதையும் சேர்ந்துகொள்கிறது. வரிசையிலேயே ஒரு வாதம் இருக்கிறது: இரண்டு முறை சொல்லியும் கேளாதவனுக்கு மூன்றாம் முறை சொல் இல்லை.

ஆனால் எண்ணிக்கையும் வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. திருப்பாடல் 78 ஏழளவில் நிற்கிறது. திருப்பாடல் 105 எட்டைச் சொல்லி, இருளை முதலில் வைக்கிறது. குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் மூசாவுக்கு அளிக்கப்பட்ட ஒன்பது தெளிவான அத்தாட்சிகளைக் குறிப்பிடுகிறது. 7ஆம் அத்தியாயம் வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, குருதி ஆகிய ஐந்தைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. நான்காவது வாதையைக் குறிக்கும் 'ஆரோவ்' என்ற எபிரேயச் சொல்லுக்குக் 'கலவை' என்பதே வேர்ப்பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை நாயீ என்றது. ரபிகளின் மரபு காட்டுவிலங்குகளின் திரள் என்றது. தமிழில் ஒரு மொழிபெயர்ப்பு வண்டுகள் என்கிறது, மற்றொன்று ஈக்கள் என்கிறது. நிகழ்ச்சிக் குறிப்பேடு ஒன்றில் இத்தனை வேறுபாடு இருந்தால் அது குறையாகும். வழிபாட்டில் பாடப்பட்டு, விருந்தில் ஓதப்பட்டு, போதனையில் திருத்தப்பட்டு வந்த நினைவுக்கு இவ்வேறுபாடு இயல்பே.

இயற்கையும் தெய்வங்களும்

இருபதாம் நூற்றாண்டில் வாதைகளை இயற்கை நிகழ்வுகளின் தொடராக விளக்கும் முயற்சிகள் பெருகின. அவற்றில் நுட்பமானது கிரேட்டா ஹோர்ட் 1957, 1958ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள். எத்தியோப்பிய மேட்டுநிலத்திலிருந்து அடித்துவரப்பட்ட செம்மண்ணும் நுண்ணுயிர்களும் நைலைச் சிவப்பாக்கின, மீன்கள் செத்தன, தவளைகள் கரையேறின, தேங்கிய நீரில் பூச்சிகள் பெருகின, அவற்றால் நோய் பரவியது, வெள்ளம் விட்டுச்சென்ற செம்மண் துகள்களைப் பாலைக்காற்று கிளப்பி இருளாக்கியது என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அவர் கோத்துக் காட்டினார். கல்மழையில் ஆளியும் வாற்கோதுமையும் அழிந்தன, கோதுமை இன்னும் முளைவிடாததால் தப்பியது என்று விவிலியமே தரும் வேளாண் குறிப்பு, இக்கதையைச் சொன்னவர்களுக்கு எகிப்தின் பருவங்கள் தெரிந்திருந்தன என்பதைக் காட்டுகிறது.

இவ்விளக்கத்தின் வலிமை எங்கே முடிகிறது என்பதும் தெளிவு. தலைப்பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் இயற்கை நிகழ்வு எதுவும் இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: ஒன்பதையும் முழுமையாக விளக்கிவிட்டாலும், அவை ஏன் அடிமைகளின் விடுதலைக் கதையாக நினைவில் நின்றன என்பது விளங்காமலே இருக்கும். நைல் பல ஆண்டுகளில் சிவந்திருக்கலாம். வெட்டுக்கிளிகள் பல தலைமுறைகளில் வந்திருக்கலாம். அவற்றையெல்லாம் ஒரு கோரிக்கையோடு முடிச்சிட்டது எது என்பதே சமயக் கேள்வி. லைடன் நகரில் உள்ள இபுவேர் பாப்பிரசில் ஆறு குருதியானதாக வரும் புலம்பலைச் சான்றாகக் காட்டுவோரும் உளர். ஒழுங்கு குலைந்த நாட்டின் அவலத்தைப் பாடும் எகிப்திய இலக்கிய மரபைச் சேர்ந்தது அந்நூல். விடுதலைப் பயண நிகழ்வுக்கு அது சாட்சி ஆகாது. குருதியான ஆறு என்பது எகிப்தியருக்கே உலகம் தலைகீழான நிலையின் படிமமாக இருந்தது என்று மட்டும் அதிலிருந்து கொள்ளலாம்.

மற்றொரு வாசிப்பு, வாதைகளை எகிப்தின் தெய்வங்கள் மீதான போராகக் காண்கிறது. எகிப்தின் எல்லாத் தெய்வங்கள் மீதும் தீர்ப்பு வழங்கப்படும் என்று 12:12 சொல்கிறது. எண்ணிக்கை நூல் 33:4 அதை வழிமொழிகிறது. இதைப் பற்றிக்கொண்டு நைலின் பெருக்குக்கு ஹாப்பி, தவளைக்கு ஹெக்கெத், கால்நடைக்கு ஹாத்தோரும் ஏப்பிசும், இருளுக்குக் கதிரவன் இரா என்று பட்டியல் போடுவது போதகர்களுக்கும் உரையாசிரியர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் பேனுக்கும் கொப்புளத்துக்கும் தெய்வம் தேடும்போது பட்டியல் திணறுகிறது. மூலநூல் ஒரு தெய்வத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தெய்வங்கள்மீது தீர்ப்பு என்ற சொற்றொடரும் பத்தாவது வாதையின் அறிவிப்பில்தான் இடம்பெறுகிறது. எதிராளியின் தெய்வங்களைப் பெயர் சொல்லி இழிவுபடுத்த நூலாசிரியர் விரும்பியிருந்தால் அதற்கு வாய்ப்பு ஏராளமாக இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை.

சியோனி செவித், டெரன்ஸ் ஃபிரெத்தைம் ஆகியோர் முன்வைத்த படைப்பு சார்ந்த வாசிப்பு இவற்றைவிட மூலத்துக்கு நெருக்கமானது. தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் தண்ணீர் உயிர்களால் நிரம்புகிறது. அதே வினையே நைல் தவளைகளால் நிரம்பும்போதும் வருகிறது. அதே வினைதான் விடுதலைப் பயணத்தின் முதல் அதிகாரத்தில் இஸ்ரயேலர் பலுகிப் பெருகியதற்கும் ஆளப்பட்டிருக்கிறது. அப்பெருக்கத்தைக் கண்டு அஞ்சிய பார்வோன் ஆண்குழந்தைகளை நைலில் எறியச் சொன்னான். படைப்பின் பெருக்கத்தை வெட்டியவனின் நாட்டில் படைப்பே வரம்பிழக்கிறது: நீர் நீராக இல்லை, புழுதி புழுதியாக இல்லை, பகல் பகலாக இல்லை. ஒளி தோன்றுவதற்கு முந்தைய இருள்வரை எகிப்து பின்னோக்கி நடக்கிறது. முதல் வாதையில் நைல் குருதியானதையும் இவ்வாறே காணலாம். குழந்தைகளை விழுங்கிய ஆறு, தான் மறைத்ததை வெளியே காட்டிவிட்டது.

கனத்த நெஞ்சு

இறைவனே பார்வோனின் மனத்தைக் கடினப்படுத்திவிட்டு, பின்பு கடினமனத்துக்காக அவனைத் தண்டிப்பது எவ்வகை நீதி? இக்கேள்வியைத் தவிர்த்த உரையாசிரியர் யாருமில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், ஒரே கதிரவன் மெழுகை உருக்கிச் சேற்றை இறுக்குவதை உவமை காட்டினார்: செயல் ஒன்றே, ஏற்கும் பொருளே வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ், தீமையைத் தன் விருப்பத்தால் தேர்ந்து நெடுநாள் நின்றவனுக்கு மனந்திரும்பும் வழியே மூடப்படுவதுதான் தண்டனை என்றார். 1524இல் எராசுமுசும் 1525இல் லூத்தரும் மனித விருப்பின் உரிமை குறித்து நிகழ்த்திய பெருவாதத்தில் இருவரும் எதிர்கொண்டாக வேண்டிய ஆளாகப் பார்வோனே நடுவில் நின்றான். பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரம் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

மூலத்தின் ஒழுங்கு இங்கே கவனிக்கத்தக்கது. மனம் கடினமாவது குறித்து வரும் ஏறத்தாழ இருபது இடங்களில் பாதி இறைவனின் செயலாகவும் பாதி பார்வோனின் செயலாகவோ நிலையாகவோ சொல்லப்படுகின்றன. இறைவன் கடினப்படுத்துவார் என்ற முன்னறிவிப்பு தொடக்கத்திலேயே உண்டு என்பது உண்மை. ஆயினும் வாதைகள் நிகழும்போது முதல் ஐந்திலும் பார்வோன் தானே தன் மனத்தை இறுக்கிக்கொள்கிறான், அல்லது அது இறுகிக் கிடக்கிறது. ஆறாவதான கொப்புளத்தின்போதுதான் இறைவன் கடினப்படுத்தினார் என்ற கூற்று முதன்முறை வருகிறது. ஐந்து முறை ஒருவன் செய்த தேர்வு ஆறாம் முறை அவனுடைய இயல்பாகிவிடுகிறது. கொடுங்கோன்மையைப் பற்றி அரசியல் அறிஞர்கள் பிற்காலத்தில் எழுதியதற்கு இது தொலைவில் இல்லை.

இவ்விடத்தில் ஆளப்படும் சொற்களுள் ஒன்று 'காவேத்': கனமானது. ஐந்தாம் அதிகாரத்தில் பார்வோன் அடிமைகளின் வேலையைக் கனமாக்கச் சொல்கிறான். பின்பு அவன் நெஞ்சு கனக்கிறது. பூச்சித்திரளும் கொள்ளைநோயும் கல்மழையும் வெட்டுக்கிளியும் 'கனத்த'வையாக வருகின்றன. கடைசியில் கடற்கரையில் இறைவன் பார்வோன் வழியாகத் தாம் மாட்சி பெறப்போவதாகச் சொல்லும்போது, அவ்வினையும் இதே வேரிலிருந்து பிறக்கிறது. எபிரேயத்தில் கனமும் மாட்சியும் ஒருவேர்ச் சொற்கள். இவ்விணைப்பு பல ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளில் தொலைந்துவிடுகிறது. தமிழுக்கோ அது அயலன்று: பாரத்தையும் மதிப்பையும் 'கனம்' என்ற ஒரே சொல் தாங்குகிறது. பெற்றோரை மதிக்கச் சொல்லும் கட்டளையைக் 'கனம்பண்ணு' என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பெயர்த்தது மூலவேரின் எடையை அப்படியே காப்பாற்றியது. அடிமையின் முதுகில் ஏற்றிய கனம், ஆள்பவனின் நெஞ்சுக்குள் இறங்கி, நாட்டின்மீது பொழிந்து, இறுதியில் யாருக்குக் கனம் உரியது என்ற கேள்வியாக முடிகிறது. எகிப்தியரின் இறப்புச்சடங்கு நூல்களில் இறந்தவரின் நெஞ்சு மாஅத் தெய்வத்தின் இறகுக்கு எதிராக நிறுக்கப்படும். கனத்த நெஞ்சு தப்பாது. இக்கதையைச் சொன்னவர்கள் அந்தத் தராசை அறிந்தே பேசினார்கள் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

திரிகைக்குப் பின்னால் இருப்பவள்

இதுவரை சொன்ன வாசிப்புகள் எல்லாம் பத்தாவது வாதையின் முன் வந்து தயங்கி நிற்கின்றன. அரியணையில் இருக்கும் பார்வோனின் தலைப்பிள்ளை முதல் திரிகைக்குப் பின்னால் இருக்கும் அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளை வரை சாவார்கள் என்று 11:5 அறிவிக்கிறது. இஸ்ரயேலைத் தம் தலைமகன் என்று இறைவன் சொன்னதும், அவனை அனுப்பாவிடில் பார்வோனின் தலைமகன் சாவான் என்று எச்சரித்ததும் நான்காம் அதிகாரத்திலேயே உள்ளன. குழந்தைகளை நைலில் எறிந்த அரசனுக்கு இது ஈடான தீர்ப்பு என்று வாதிடலாம். ஆனால் மாவரைக்கும் அடிமைப்பெண் எந்த ஆணையைப் பிறப்பித்தாள்? விடுதலையின் கடவுள் இன்னோர் அடிமையின் வீட்டில் ஏன் பிணம் விழச் செய்தார்?

பழைய உரைகள் இக்கேள்வியை உணர்ந்திருந்தன. அடிமைகளின் பிள்ளைகளும் இஸ்ரயேலரை வேலை வாங்கினார்கள், அவர்களின் துன்பத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்று ராஷி விடை சொன்னார். மூலத்தில் இதற்குச் சான்று இல்லை. சான்று இல்லாத குற்றத்தை ஒருவர்மீது சுமத்தியாவது தண்டனையை நியாயப்படுத்த நேர்ந்தது என்பதே, இவ்விடம் உரையாசிரியர்களின் மனச்சான்றை எவ்வளவு உறுத்தியது என்பதற்குச் சான்று. ஒருவர் எதனால் பாவம் செய்தாரோ அதனாலேயே தண்டிக்கப்படுகிறார் என்ற நெறியைச் சாலமோனின் ஞானம் என்னும் நூல் முன்வைத்தது. அந்நெறியும் அரசனின் வாசலில் பொருந்தி, திரிகைக்கு அருகில் பொருந்தாமல் போகிறது.

விடை சொல்லி முடிக்க இயலாததை யூத மரபு சடங்கில் ஏற்றி வைத்தது என்று தோன்றுகிறது. பாஸ்கா நாளுக்கு முந்தைய நாள் தலைப்பிள்ளைகள் நோன்பு இருக்கிறார்கள். பாஸ்கா இரவில் ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சை இரசத்தைச் சிந்துகிறார்கள். இடைக்கால ஜெர்மானிய யூதரிடம் இவ்வழக்கம் பரவியபோது, இத்தீங்குகள் தங்களை அணுகாதிருக்கட்டும் என்ற காப்பு வேண்டுதலே அதன் பொருளாகச் சொல்லப்பட்டது. பிற்காலத்தில், எகிப்தியரும் மாண்டதால் மகிழ்ச்சியின் கிண்ணம் நிறைந்திருக்கலாகாது என்ற விளக்கம் வேர்விட்டது. இன்று பெரும்பாலோர் சொல்வது அதையே. கடலில் எகிப்தியர் மூழ்கியபோது பாட எழுந்த வானதூதரை, தம் கைவினை மூழ்கும்போது பாட்டா என்று இறைவன் தடுத்ததாகத் தால்முத் சொல்லும் கதை இவ்விளக்கத்துக்கு முன்னோடி. சடங்கு மாறவில்லை, அதன் பொருள் மாறியது. தங்களைக் காக்க வேண்டிச் சிந்திய துளி, பகைவருக்காகச் சிந்தும் துளியானது. ஒரு சமூகம் தன் திருநூலோடு நெடுங்காலம் வாழ்ந்ததால் விளைந்த அறநெறி வளர்ச்சி இது.

மூலநூலும் எகிப்தியரை ஒரே நிறத்தில் தீட்டவில்லை என்பதை வாசகர் பலர் கவனிப்பதில்லை. கல்மழைக்கு முன் பார்வோனின் அலுவலருள் அஞ்சியவர்கள் தங்கள் ஆட்களையும் கால்நடைகளையும் உள்ளே கொண்டுவந்து தப்பினார்கள். வெட்டுக்கிளிக்கு முன் அலுவலர்களே எகிப்து அழிந்துபோனது இன்னுமா தெரியவில்லை என்று அரசனைக் கடிந்தார்கள். வெளியேறிய கூட்டத்தோடு பல இனத்தவரின் திரளும் சேர்ந்து சென்றதாக 12:38 சொல்கிறது. இனத்துக்கும் இனத்துக்கும் நடந்த போர் என்று இதை வாசிப்போருக்கு இவ்வரிகள் இடையூறாகவே இருக்கும்.

யார், யாரை நோக்கி?

அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் இக்கதையைத் தம் கதையாக்கிக்கொண்டனர்; அடிமைகளைத் தப்புவித்த ஹேரியட் டப்மனுக்கு மோசே என்ற பெயர் வழங்கியது. இலத்தீன் அமெரிக்க விடுதலை இறையியல் இதை அடிக்கல்லாக்கியது. இந்தியாவில் தலித் இறையியலை வடித்தெடுத்த அரவிந்த் நிர்மல், எகிப்தின் அடிமைத்தனத்தையும் அடையாளங்களையும் நினைவுகூரும் இணைச் சட்டம் 26ஆம் அதிகாரத்தின் நம்பிக்கை அறிக்கையைத் தலித் வரலாற்றை வாசிக்கும் சட்டகமாக எடுத்துக்கொண்டார். மறுபுறம், ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல், கானானியரின் கண்களால் வாசித்தால் இதே கதை நிலம் பறிக்கப்பட்ட கதையாகிறது என்று எழுதினார். விடுதலை பெற்றோரின் கதையில் அடிபட்ட மூன்றாமவர் யார் என்று தேடும் அவருடைய கேள்வி, திரிகைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கும் பொருந்தும்.

இக்கேள்வி இந்திய மண்ணில் ஒருமுறை நேரடியாகவே எழுந்தது. 1934 ஜனவரி 15 அன்று பிகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தமிழகத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, அது தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்றார். தாகூர் அதை மறுத்து எழுதினார். இருவர் கருத்துகளும் பிப்ரவரி 16ஆம் நாள் 'ஹரிஜன்' இதழில் வெளியாயின. இயற்கைப் பேரிடருக்கு இயற்கைக் காரணமே உண்டு என்பது தாகூரின் முதல் வாதம். பலியானோரில் குழந்தைகளும் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரும் இருந்தார்களே, தொலைவில் பத்திரமாக இருக்கும் குற்றவாளிகளுக்குப் பாடம் கற்பிக்க இவர்களா கருவி என்பது அவருடைய கூர்மையான வாதம். இதே தருக்கத்தைக் காந்தியின் எதிரிகள் அவருக்கு எதிராகவே திருப்ப முடியும் என்றும் அவர் சுட்டினார். காந்தி தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசியவரின் வாயிலிருந்து வந்ததாயினும், அவ்வாதத்தின் எடை ஒடுக்கப்பட்டோரின் பிணங்கள்மீதும் விழுந்தது.

பேரிடர்களைத் 'தெய்வத் தண்டனை' என்று உடனுக்குடன் விளக்குவோர் விவிலிய வாதைகளையே முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. 2020இன் பெருந்தொற்றுக் காலத்திலும் அக்குரல் கேட்டது. ஆனால் வாதைக் கதையின் அமைப்பே அதற்கு இடம் தரவில்லை. அங்கே அறிவிப்பு முன்னே வருகிறது, நிகழ்வு பின்னே வருகிறது. அறிவிப்பு அரசனை நோக்கியது. அதில் தெளிவான ஒரு கோரிக்கை உண்டு. அதை நிறைவேற்றினால் வாதை இல்லை. அறிவிப்பவர் அடிமைகளின் பக்கம் நிற்கிறார். வாதை வந்தபின் அதை நீக்கும்படி மன்றாடுபவரும் அவரே. தவளை, பூச்சி, கல்மழை, வெட்டுக்கிளி என நான்கு முறை மோசே தம் எதிராளிக்காக வேண்டுகிறார். எகிப்தின் மந்திரவாதிகளோ குருதியையும் தவளையையும் தங்களாலும் உண்டாக்க முடியும் என்று மெய்ப்பித்து நாட்டின் துன்பத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஒன்றையும் நீக்க அவர்களால் இயலவில்லை. துன்பம் நிகழ்ந்தபின் துன்பப்பட்டவரை நோக்கி, கோரிக்கையுமின்றி மன்றாட்டுமின்றி, காரணம் மட்டும் சொல்பவர் இக்கதையில் மோசேயின் இடத்தில் நிற்கவில்லை. அவருக்கு அருகில் இருப்பவர்கள் அந்த மந்திரவாதிகளே.

இவ்வளவு சொன்ன பின்னும் பத்தாவது வாதை கேள்வியாகவே எஞ்சுகிறது. அதை மழுப்புவது நேர்மையாகாது. வாதைகளை ஆள்வோருக்கான அடையாளம் என்று வாசிக்கலாம். அடிமை முறையின்மீது வழங்கப்பட்ட தீர்ப்பு என்றும் வாசிக்கலாம். ஆனால் அவை அடிகளாகவும் இருந்தன. அடி விழுந்த இடங்களில் ஒன்று அரண்மனைக்கு வெகுதொலைவில், மாவு அரைபடும் மூலையில் இருந்தது. 11ஆம் அதிகாரத்தின் அறிவிப்பில் இடம்பெற்ற அந்தப் பெண், 12:29இல் நிகழ்வு சொல்லப்படும்போது காணப்படவில்லை. அவள் இருந்த இடத்தில் இருட்டறைக் கைதி ஒருவன் வருகிறான். உரையாசிரியர்கள் இருவரையும் சேர்த்துப் பொதுவாக விளக்கிக் கடந்தனர். இக்கதையின் சமயப் பொருளை இனி எழுதப்போகும் மாணவர்கள், இவ்விரு வசனங்களுக்கும் நடுவே அவள் எங்கே போனாள் என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.